காலை ஏழரை மணிக்குச் செய்முறைத் தேர்வு

ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதற்காக, ஒரே நாளில் ஒரே குழந்தையை மூன்று தடவை குளிப்பாட்டியவன் நான். இதை இத்தனை வருஷம் வெளியே சொன்னதில்லை. குழந்தைக்கு வயது இரண்டு; அண்ணன் மகள். முதல் தடவை சோப்பு கண்ணில் போய்விட்டது. அது சேர்த்தி இல்லை என்று இரண்டாம் தடவை ஊற்றினேன். அந்தத் தடவை காதுக்குப் பின்னால் தேய்க்க மறந்துபோனேன். மூன்றாம் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அதற்குள் குழந்தையின் பல் தந்தியடிக்க ஆரம்பித்திருந்தது.

ரேஷன் கடை வரிசையிலிருந்து சர்க்கரைப் பையோடு திரும்பிய அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா தம்பி, கொயந்தைய ஊறப் போட்டு வச்சிக்கீற?”

பரீட்சைக்குப் பயிற்சி என்று சொன்னேன். அவள் குழந்தையை முந்தானையில் சுற்றிக்கொண்டே, “உன் பரீட்சைக்கு உன் தலையில ஊத்திக்கோ” என்றாள். மாலையே குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் வாளியைத் தொட்டால் யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடி சேக்காட்டில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் அப்பா வரை எல்லோரும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அண்ணன் முதன்முதலாக மாதச் சம்பளம் கண்டவன். நான் முதன்முதலாக பி.ஏ. கண்டவன். பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பொருளாதாரம் படித்திருந்தேன். நாட்டின் பொருளாதாரத்துக்கு என் தேவை இல்லை என்று அந்த மூன்று வருஷத்தில் தெளிவாகியிருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து வந்ததன் பலனாக ஒருநாள் ஒரு கார்டு வந்தது. அம்பத்தூரில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் உதவிக் காப்பாளர். ஒரே ஒரு காலியிடம். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு இருபத்தைந்து நிறைய இரண்டு மாதம்தான் பாக்கி. அதற்குப் பிறகு இந்த மாதிரி கார்டுகள் என் முகவரிக்கு வரமாட்டா. அண்ணன் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தான்.

“இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா பாடியில நம்ம சிநேகிதர் லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிக்கீறாரு. மூட்டை எண்றதுக்கு ஆள் வேணுமாம். திங்கக்கெழமையே போய்ச் சேந்துடு. ஒண்ணும் தப்பில்ல.”

ஒன்றும் தப்பில்லைதான். ஆனால் நான் அப்போது தடித்தடிப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவன். லாரி மேல் ஏறி மூட்டை எண்ணுகிற பி.ஏ.வை யார் மதிப்பார்கள் என்ற கவலை என்னைத் தின்றது. குழந்தைகள் இல்லம் அல்லது கோணிமூட்டை. இந்த இரண்டில் ஒன்றுதான் என் எதிர்காலம் என்பது அந்தக் கார்டில் அச்சடித்தது போலத் தெரிந்தது.

அச்சடித்திருந்தது வேறு. கார்டின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘காலை ஏழரை மணிக்குக் குழந்தைகளுடன் செய்முறைத் தேர்வும், அதையடுத்து நேர்முகத் தேர்வும் நடைபெறும்.’

இந்த வரிதான் என்னைக் குழப்பியது. பொருளாதாரத்தில் செய்முறைத் தேர்வு கிடையாது. ரசாயனம் படித்த பையன்கள் கண்ணாடிக் குழாயில் எதையோ ஊற்றிப் புகை வரவழைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்முறை? தூக்க வேண்டுமா, தூங்கவைக்க வேண்டுமா? அழுகிற குழந்தையை நிறுத்துவதா, அல்லது அதிகாரிகள் முன்னால் அழவைத்துக் காட்டிப் பிறகு நிறுத்துவதா? குளிப்பாட்டச் சொல்வார்கள் என்பது என் முதல் ஊகம். அதன் விளைவைத்தான் முன்பே சொல்லிவிட்டேன்.

இரண்டாவதாக, ஆவடிக் கிளை நூலகத்துக்குப் போனேன். குழந்தை மனத்தைப் பற்றி வெளிநாட்டு டாக்டர் ஒருவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதை எனக்கு முன்னால் யாரும் எடுத்ததில்லை என்பது ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்தபோது தெரிந்தது. எட்டு நாள் உட்கார்ந்து நாற்பது பக்கக் குறிப்பு எடுத்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. தனி அறையில் தூங்கும் குழந்தைக்கு இருட்டில் ஏற்படும் பயத்தைப் பற்றி அவர் ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். எங்கள் தெருவில் தனி அறை என்பதே ஸ்டேஷன் மாஸ்டருக்கு மட்டும்தான் இருந்தது. பெற்றோர் அன்பு கிடைக்காத குழந்தை இரவில் திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்கும், அது கேட்பது தண்ணீர் அல்ல, அன்பு என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான அடிக்கோடு அதுதான்.

மூன்றாவது ஆலோசனை பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடமிருந்து வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித் தருபவர். நான் புத்தகத்தைக் காட்டியதும் அதைத் தூக்கிப் பார்த்து எடை போட்டார்.

“இதெல்லாம் பிள்ளைங்ககிட்ட எடுபடாதுங்க தம்பி. பாட்டுப் பாடணும். சும்மா பாடினாலும் பத்தாது, ஆடிக்கிட்டே பாடணும். உங்களுக்கு முழங்கால் மடங்குமா?”

மடங்கும் என்றேன். கடைக்குப் போன ஆமை என்று ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தார். அதில் பாடுகிறவர் குந்திக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஓடு மாதிரி வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி நீட்டி இழுத்து, கடை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஆமை ஒவ்வொரு அடியிலும் எதையாவது மறந்துவிடும். வீட்டுக்குத் திரும்பிக் கேட்டுவிட்டு மறுபடியும் கிளம்பும். எட்டு சரணம். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு நாள் ஆமையாக இருந்தேன். டீச்சரம்மாவின் கணவர் ஆபீசிலிருந்து வரும்போதெல்லாம், மேலே மிதித்துவிடாமல் ஒதுங்கி, மரியாதையாக ‘வாங்க’ என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அண்ணி வேறொரு கட்சி. “பாட்டு, கூத்தெல்லாம் இன்னாத்துக்கு? சளி, பேதி, பேனு. மூணு தெரிஞ்சா கொயந்தைய வளத்துடலாம்” என்றாள். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வெளிநாட்டு டாக்டருக்குக் கீழே அண்ணியின் பேன் இருந்தது.

நான்காவது ஆள் என் சிநேகிதன். பட்டாபிராமில் இருந்தான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டு, பாடியில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, கான்டிராக்டர் மாறியதில் வெளியே வந்தவன். அவனுக்கும் இதே கார்டு வந்திருந்தது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போட்டியாளன் என்பதால் அல்ல; அவனுக்கும் எனக்கும் ஒரே கார்டு அனுப்பிய அலுவலகத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை குறைந்துவிட்டது என்பதால்.

“நீ என்ன படிக்கிற?” என்று கேட்டேன்.

“படிக்க இன்னா கீது மச்சான்? கொயந்தைங்க கூட இருக்கணும். அவ்ளோதான் வேலை.”

“செய்முறைத் தேர்வுன்னு போட்டிருக்கானே, அதுல என்ன வரும்?”

“ஏழரை மணிக்கு வரச் சொல்லிக்கீறான். ஏழரை மணிக்கு கொயந்தைங்க இன்னா பண்ணும்? துன்னும். போய்ப் பாத்துக்கலாம்.”

இந்தப் பதிலின் எளிமையை எண்ணி அவனுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஆமைப் பாட்டைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. கையில் இருக்கிற ஆயுதத்தைக் காட்டக் கூடாது என்று அந்தச் சமயத்தில் படித்த ஏதோ போர்க்கலைப் புத்தகத்தில் இருந்தது.

இதற்கு நடுவே நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டு வேண்டியிருந்தது. என்னை அதற்கு முன் பார்த்தே இராத இரண்டு அதிகாரிகள், என் நடத்தை தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

தேர்வு நாளின் காலைநேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அண்ணி ஐந்தரை மணிக்கே எழுந்து இட்லிக்கு அடுப்பு பற்றவைக்கப் போனாள். வேண்டாம், நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பட்டாபிராமிலிருந்து வந்த வண்டியில் சிநேகிதன் ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தான். அவன் சலவைச் சட்டை, நான் அண்ணனின் கல்யாணச் சட்டை. அண்ணனூர் தாண்டும் வரை நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். திருமுல்லைவாயிலில் அதை மூடிவிட்டு ஆமைப் பாட்டின் சரணங்களை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் சரணத்தில் ஆமை மறந்தது புளியா, மிளகாயா என்பது எனக்கே மறந்துபோயிற்று.

“மச்சான், வவுத்து வலியா?” என்றான் அவன்.

அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், கைப்பம்பு. மொத்தம் நான்கு பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். இல்லத் தலைவி அம்மாள் வெளியே வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், அந்தக் கண்ணாடிக்கு மேலாகத்தான் எங்களைப் பார்த்தார்.

“நாலு அறை இருக்கு. அறைக்குப் பதினஞ்சு பிள்ளைங்க. ஆளுக்கொரு அறை. அரை மணி நேரம் அவங்களோட இருங்க. அப்புறம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க. கேள்வி ஏதாவது இருக்கா?”

எனக்கு நாற்பது பக்கக் கேள்வி இருந்தது. ஒன்றும் இல்லை என்றேன்.

மூன்றாம் அறை என்னுடையது. சிநேகிதனுக்கு நாலாம் அறை. உள்ளே போனபோது பதினைந்து குழந்தைகள் மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை, சுவரோரம் ப வடிவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் காலியான அலுமினியத் தட்டு. நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தில் ஆவி பறக்கும் உப்புமா. கப்பலில் இனாமாக வந்த கோதுமை நொய்யில் செய்தது. பக்கத்தில் வயதான ஆயா ஒருத்தி. அவளுக்கு அருகே ஒரு முக்காலி. முக்காலியில் ஒரு நோட்டு. நோட்டில் சணலால் கட்டிய பென்சில்.

ஆயா ஒரு தட்டில் இரண்டு கரண்டி உப்புமா வைத்து என்னிடம் நீட்டினாள்.

“சாப்டு சார்.”

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கொலைப்பசி. ஆனால் வேலை கேட்டுப் போன இடத்தில், நீட்டிய உடனே கை நீட்டி வாங்குகிறவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நம்மில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் தடவை சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை வற்புறுத்தும்போது, உங்கள் மனம் நோகக் கூடாதே என்பது போல வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை மீறியவனை நான் அதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

“இப்பத்தாம்மா ஆச்சு” என்றேன்.

“கொஞ்சமாச்சும் வாயில போட்டுப் பாரு சார்.”

“பரவாயில்லம்மா. பிள்ளைங்களுக்குக் கொடுங்க முதல்ல.”

இந்த இரண்டாவது வாக்கியத்தை மிகுந்த கனிவோடு சொன்னேன். கதவுக்கு வெளியே யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கட்டும் என்று குரலையும் சற்று உயர்த்தினேன். பிறகு மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். ஆயா மூன்றாவது தடவை சொல்லவே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, எதையோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள்.

குழந்தைகள் என்னையே பார்த்தன. அவ்வளவு கவனமாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் மொட்டை அடித்த ஒரு சின்னப் பயல், நான்கு வயது இருக்கும், என் பேண்ட்டைப் பிடித்து இழுத்தான்.

“துன்னுண்ணே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாயில்லாப் பிள்ளை, தான் பசித்திருக்கும்போது, வந்தவனைச் சாப்பிடச் சொல்கிறதே என்று நினைத்தேன். இதைப் பேட்டியில் சொல்ல வேண்டும் என்றும் அதே கணத்தில் நினைத்தேன். அவன் தலையைத் தடவி, “நீ சாப்பிடு கண்ணா” என்றேன். அவன் முகத்தில் நன்றி தெரியவில்லை.

அப்புறம் ஒரு சங்கடம். யாரும் பரிமாறவில்லை. யாரும் சாப்பிடவில்லை. பாத்திரம் ஆறுகிறது. குழந்தைகள் என்னைப் பார்க்கின்றன, ஆயா என்னைப் பார்க்கிறாள், நான் உப்புமாவைப் பார்க்கிறேன். எதற்காகக் காத்திருக்கிறார்கள்? எனக்குப் புரியவில்லை. பொழுதுபோக்குக்காகக் காத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, சட்டென்று குந்தி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஆமையைக் கடைக்கு அனுப்பினேன்.

இரண்டு சரணம் போனது. ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை. கோடியில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மூன்றாம் சரணத்தில் ஆமை வீட்டுக்குத் திரும்பும் வழியில் முக்காலியில் முட்டிக்கொண்டது. ஆயா நோட்டை எடுத்து, மெதுவாக என் மூக்குக்கு நேரே நகர்த்தினாள்.

நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஒரு கையெழுத்து, எதிரே ‘நன்று’, ‘நன்று’, ‘நன்று’. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பெரிய மனிதர்கள் வந்து பார்த்துவிட்டுக் கருத்து எழுதும் புத்தகம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்களே, என்ன சோம்பேறித்தனம் என்று பட்டது. சணல் பென்சிலைப் பிடித்து, நாலு வரி எழுதினேன். ‘மழலைச் செல்வங்களின் மலர்ந்த முகங்களைக் கண்டு மனம் நெகிழ்ந்தேன். இங்கு யாவும் மிக நன்று. இவ்வில்லம் பல்லாண்டு இதேபோல் தொடர்ந்து தொண்டாற்ற வேண்டும்.’ கீழே கையெழுத்து, பக்கத்தில் பி.ஏ.

கையெழுத்து விழுந்ததுதான் தாமதம், ஆயா கரண்டியை எடுத்தாள். நிமிஷத்தில் பதினைந்து தட்டும் நிரம்பின. குழந்தைகள் பாய்ந்தன. என் எழுத்துக்கு இவ்வளவு உடனடி விளைவு அதற்குப் பிறகு ஒருநாளும் ஏற்பட்டதில்லை.

நான் ஆமையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இப்போது குழந்தைகளின் முகத்தில் பாவம் வந்தது. ஒன்று கண்ணை இறுக மூடியது. ஒன்று நாக்கை நீட்டியது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைக் கோணிக்கொண்டார்கள். பாட்டு எடுபட ஆரம்பித்துவிட்டது என்று உற்சாகத்தில் கழுத்தை இன்னும் நீட்டினேன். எட்டாம் சரணம் முடிவதற்குள் குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து, மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைக்கு ஓடின. ஒரு தம்ளர் குடித்தன. திரும்பி வந்து ஒரு வாய் சாப்பிட்டன. மறுபடியும் ஓடின. மொட்டைப் பயல் பானைக்குப் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்துவிட்டான். தண்ணீர். திரும்பத் திரும்பத் தண்ணீர். இதை நான் எங்கோ படித்திருக்கிறேன் என்பது பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் தலைவி அம்மாள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆபீஸ் அறையில் அவரும், வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு பெரியவரும் இருந்தார்கள். பெரியவர் கண்ணை மூடியிருந்தார். மேஜை மேல் மூன்றாம் அறை நோட்டு திறந்திருந்தது.

“நீங்க எழுதினதைப் படிச்சேன். தமிழ் நல்லா வருது.”

“நன்றிங்கம்மா.”

“டிபன் எப்படி இருந்தது?”

சாப்பிடவில்லை என்று சொன்னால் விருந்தோம்பலைக் குறை சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. “ரொம்ப ருசியா இருந்ததும்மா” என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். பெரியவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“பிள்ளைங்க ஏன் அவ்வளவு தண்ணி குடிச்சாங்கன்னு நினைக்கிறீங்க?”

இந்தக் கேள்விக்காகவே நான் பிறந்து வளர்ந்ததாக அந்தக் கணத்தில் உணர்ந்தேன். நாற்காலியில் நிமிர்ந்தேன். பெற்றோர் அன்பு கிடைக்காத குழந்தையின் உள்மனம், அது தண்ணீர் கேட்பது, உண்மையில் அது தண்ணீர் அல்ல என்பது, எல்லாவற்றையும் வெளிநாட்டு டாக்டர் சொன்ன வரிசையிலேயே தமிழில் சொன்னேன். பெரியவர் இரண்டாவது கண்ணையும் திறந்துவிட்டார்.

“பதினஞ்சு பேருக்கும் ஒரே நேரத்திலயா?” என்றார் அம்மாள்.

“கூட்டு மனநிலைங்கம்மா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியவர், “கூட்டு மனநிலை” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் போகலாம் என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிந்தது நல்ல அறிகுறி என்று வேப்பமரத்தடிக்கு வந்தேன்.

சிநேகிதன் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையில் ஒரு தாள் இருந்தது. சட்டை முழுக்க உப்புமா தெறித்திருந்தது.

“ஒண்ணாந் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க மச்சான்” என்றான். சந்தோஷத்தை அடக்கிக்கொள்ளத் தெரியாமல் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். “உன்கிட்ட என்ன கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கல. உப்புமாவ எடுத்து வாயில போட்டேன். சமையக்கட்டுல ரெண்டு பேரு கீறாங்க, ஒருத்தன் உப்பு போட்டது தெரியாம இன்னொருத்தனும் போட்டுட்டான் போல. தொண்டையில எறங்கல. கையெழுத்து போட மாட்டேன்னுட்டு குண்டானத் தூக்கினு உள்ள போய்ட்டேன். அங்கயே நொய்யிய உப்பில்லாம வேக வச்சி, அதுல கலந்து, என் ரூம் பசங்களுக்குப் போட்டுட்டு வந்தேன். லேட்டாய்டுச்சேன்னு நெனச்சேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல.”

“கையெழுத்தா?”

“நோட்டுல, மச்சான். யாராச்சும் பெரியவங்க துன்னு பாத்துட்டு, நல்லாக்கீதுன்னு கையெழுத்து போட்டாதான் கொயந்தைங்களுக்குப் போடணும். எங்க கேண்டீன்லயும் இதே ரூலுதான், மேனேஜர் துன்னாம பெல் அடிக்க மாட்டாங்க. சொவுத்துல வேற பெருசா எழுதிக்கீதே, ரூம்ல. ஆயாவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்களாம். நீ படிக்கல?”

சுவரில் என்ன எழுதியிருந்தாலும் அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முதுகுக்குப் பின்னால் என் கைகள் இருந்தன. நான் ஆமையாக இருந்தேன்.

கையில் கிடைத்த பொட்டலக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். அன்று அந்தக் கட்டடத்தில் படிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. அதைப் படிக்காமல், வாயில் வைக்காத ஒரு பண்டம் நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, பதினைந்து குழந்தைகளை அதைச் சாப்பிட வைத்திருக்கிறேன். அந்த மொட்டைப் பயல் என்னை உபசரிக்கவில்லை, அவனுக்குப் பசி. வேலை போனதைவிட இதுதான் ஸ்டேஷன் வரை என்கூட நடந்து வந்தது. திரும்பிப் போய் ஆயாவிடம் ஏதாவது சொல்லலாமா என்று நின்றேன். வண்டி வந்துவிட்டது.

ஆவடியில் நான் இறங்கும்போது சிநேகிதன், “சொல்லியிருப்பேன் மச்சான், குண்டானத் தூக்கினு போறப்ப பாத்தேன், நீ அந்தாண்ட ரூம்ல குந்திகினு பாடிகினு இருந்த. சரி, பாட்டு கேட்டிருக்காங்க போலன்னு உட்டுட்டேன்” என்றான்.

வீட்டில் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நோட்டில் எழுதியதைக்கூட. அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, “திங்கக்கெழம எட்டு மணிக்கு பாடியில இருக்கணும். அம்பத்தூர்ல எறங்கி பஸ் புடிச்சுக்கோ” என்றான். எனக்குச் சமாதானம் சொல்ல யாரும் இல்லாததால் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்: மரியாதைக்காக ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்லக் கூடாதா? அது ஒரு குற்றமா?

எனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணி, கரண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மூணு வருஷமா இந்த ஊட்ல மூணு வேளையும் குந்திகினு துன்ற. ஒரு நாளாச்சும் வேணாம்னு உன் வாயிலேர்ந்து வந்துகீதா தம்பி? போயும் போயும் அங்க போயா சொல்லுவ?”